கழற்றினான்... மாட்டினான்!

"ஐயோ... போயிடுச்சே!"

மாலை ஆறு மணிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்பக்கம் கிளம்பிய அந்த அலறலில், பக்கத்து மருந்துக்கடை ஆட்கள் அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள்.

சாம்பல் நிற செடான் கார். அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன!

அசைவே இல்லை.

மருந்துக்கடைக்காரர் குனிந்து ஒரு காலைத் தொட்டார்.

கால் உதறியது!

"விடுங்க சார்! பறிகொடுத்துட்டுக் கிடக்கேன்!"

"யாரை சார்?"

"என் சைலன்சரை!"

கூட்டம் "சே!" என்று கலைந்தது. ஒரு பிணத்தைக் கூடப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை என்ற வருத்தம் அவர்களுக்கு.

காரடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தார் கண்ணாடிக்காரர். வயது நாற்பத்திரண்டு. காருக்குப் பதினொன்று. மூன்று கை மாறி இவரிடம் வந்த கார். கடைக்கும் வீட்டுக்கும் தினமும் இதில்தான் போக்குவரத்து. ஆனால் அந்த இருபது நிமிஷம் சொர்க்கம்! ஒரு வருஷமாக ஒவ்வொரு சாமானாகத் தேடித் தேடி மாட்டியிருந்தார். உறுமும் சைலன்சர், 'டக்' என்று விழும் குட்டை கியர் ராடு, காரைத் தரையோடு ஒட்டவைக்கும் இறுக்கமான ஸ்பிரிங், தொட்டதும் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேடு.

எல்லாம் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்காக! பழைய கார்க்காரர்கள் சங்கத்தின் நேரப் போட்டி. போன வருஷம் அரை நொடியில் கோப்பை நழுவியது. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் ருசிக்கவில்லை.

இன்று திங்கள். ஞாயிறுக்கு ஆறே நாள்!

போலீஸுக்குப் போன் போட்டார்.

"சைலன்சர் திருட்டுங்களா? வண்டி பயங்கரமா சத்தம் போடுமே?"

"போடலை சார்! அதான் பிரச்சினையே! திருடினவன் கம்பெனி சைலன்சர் ஒண்ணை மாட்டிட்டுப் போயிருக்கான்!"

மறுமுனையில் குரல் தாழ்ந்தது.

"நல்ல கண்டிஷன்லயா?"

"பளபளன்னு!"

"மறுபடி வந்தான்னா என் வண்டி நம்பரைக் குடுங்க சார்... வைக்கட்டுமா?"

வைத்துவிட்டார்!

புதன்கிழமை கியர் ராடு போனது. அந்த இடத்தில் கம்பெனியின் நெட்டை ராடு நின்றது.

வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்குத் திரும்பும்போது வேகத்தடை வந்தது. வழக்கமாக அங்கே முதுகெலும்பு உச்சிக்கு ஏறும். இன்று கார் தொட்டில் போல ஏறி இறங்கியது.

"சொகுசா இருக்கே..." என்றவர் மறுகணம் பிரேக்கை மிதித்தார்.

ஸ்பிரிங்!

வண்டியை நேராக மெக்கானிக்கிடம் விட்டார். மெக்கானிக் காரைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன அண்ணே?"

"சார், போல்ட்டை அளவா முறுக்கினதும் மேல பெயின்ட்ல ஒரு கோடு போடுவோம். லூஸானா கோடு விலகிக் காட்டிக்குடுத்துடும். நான் போடுறது வெள்ளை. இங்க பாருங்க... மஞ்சள்! ஒரு போல்ட் பாக்கியில்லாம!"

"திருடனா கோடு போட்டான்?"

"அதோட விட்டானா? டயர்ல காத்து சரி பண்ணியிருக்கான். கண்ணாடி துடைக்கிற தண்ணி ரொப்பியிருக்கான். கதவுக்கு கிரீஸ் வச்சிருக்கான். பிடிச்சா அடிச்சுடாதீங்க சார். என்கிட்ட அனுப்புங்க, வேலை போட்டுத் தர்றேன்!"

கண்ணாடிக்காரர் பல்லைக் கடித்தபடி காரில் ஏறி, தன் குறிப்பு நோட்டைப் புரட்டினார். தினமும் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை கிலோமீட்டர் எழுதிவைப்பது அவர் பழக்கம். ஊரே சிரிக்கும் பழக்கம்.

திங்கள், புதன், வெள்ளி. மூன்று நாளும் பதினாலு கிலோமீட்டர் அதிகம்!

போக ஏழு... வர ஏழு...

கடையிலிருந்து ஏழாவது கிலோமீட்டரில் இருப்பது என்ன?

அவர் மனைவியின் பிசியோதெரபி கிளினிக்!

பதினொன்றிலிருந்து நாலு வரை அவளுக்கு இடைவேளை. மாற்றுச் சாவியும் அவளிடம்தான். 'குடல் ஏறி இறங்குது, இது காரா கட்டை வண்டியா?' என்று ஸ்பிரிங்கைத் திட்டியதும் அவளேதான்!

வேலியே பயிரை மேய்ந்துவிட்டதா?

வீட்டுக்கு வந்தார். வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏம்மா... நீதானா அது?"

"எது?"

"என் சாமானையெல்லாம் கழட்டறது!"

மனைவி கையிலிருந்த துண்டை மடித்து வைத்தாள். நிதானமாக.

"ஏங்க, பதினஞ்சு வருஷத்துல என் கையில ஒரு ஸ்பேனரையாவது பார்த்திருக்கீங்களா?"

"இல்ல..."

"சைலன்சர் எங்க இருக்கும்னு எனக்குத் தெரியுமா?"

"பின்னாடி..."

"உங்களுக்குத் தெரியும். எனக்கு?" குரல் உடைந்தது. "கட்டின பொண்டாட்டியைத் திருடின்னு சொல்லிட்டீங்கல்ல? நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்!"

"போ! பிரேக் பேடு ஒண்ணுதான் மிச்சம். அதையும் எவனாவது கழட்டிட்டா ஞாயித்துக்கிழமை நான் ஓடித்தான் ஜெயிக்கணும்!"

கதவு அறைந்து சாத்தப்பட்டது. வீடு அமைதியானது. அந்த அமைதி அவருக்குப் பிடிக்கவே இல்லை.

சனிக்கிழமை காலை. கடைக்குப் பின்னால் கார். பக்கத்தில் மெக்கானிக்.

"சார், நல்லா யோசிச்சீங்களா?"

"கையும் களவுமாப் பிடிக்கணும் அண்ணே. டிக்கியை மூடுங்க!"

மூடினார். ஸ்டெப்னி டயரைக் கட்டிக்கொண்டு இருட்டில் சுருண்டு படுத்தார் கண்ணாடிக்காரர்.

ஒரு மணி நேரம்... இரண்டு மணி நேரம்...

'க்ளக்!'

கதவு திறந்தது! என்ஜின் உயிர் பெற்றது!

கார் நகர்ந்தது. முதல் வளைவு... இரண்டாவது வளைவு... மூன்றாம் கியரிலிருந்து இரண்டாம் கியர். ஒரு குலுக்கல் இல்லை. வெண்ணெய் மாதிரி இறங்கியது. இவ்வளவு அழகாக அவரே ஓட்டியதில்லை!

"சபாஷ்!" என்றவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கார் நின்றது. கதவுகள் திறக்கும் ஓசை. காலடிகள். டிக்கி திறந்தது!

"வீல்!"

இரண்டு பேரும் ஒரே சுருதியில் அலறினார்கள்.

கையில் ஸ்பேனர். காதுக்குப் பின்னால் மஞ்சள் பெயின்ட் பேனா. பாலிடெக்னிக்கில் முப்பது வருஷம் லேத் வேலை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற அவருடைய மாமியார்!

"அத்தை... நீங்களா!"

"மாப்பிள்ளை! இப்படியா சுருண்டு படுப்பீங்க? முதுகு என்னத்துக்கு ஆகும்?"

அவர் இறங்கினார். மாமியார் வீட்டு ஷெட். கிளினிக்குக்கு அடுத்த தெரு! உள்ளே அதே மாடல், அதே சாம்பல் நிறத்தில் இன்னொரு கார். தரையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. பின்னால் அவருடைய சைலன்சர் மினுமினுத்தது!

"அத்தை, இது திருட்டு!"

"வாயைக் கழுவுங்க. என் வண்டி சாமானெல்லாம் உங்க வண்டியில பத்திரமா இருக்கே? மாத்தி மாட்டினேன். அவ்வளவுதான்!"

கண்ணாடிக்காரரின் கண் கலங்கியது. மாமியார் மேல் கோபத்தில் அல்ல.

"பாவி நான்! ஒண்ணும் தெரியாத பிள்ளையைப் போய் வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே!"

அவசரமாக மனைவிக்குப் போன் போட்டார்.

மணி அடித்தது.

ஷெட்டுக்குள்ளேயே!

மாமியார் காரின் ஓட்டுநர் கதவு மெல்லத் திறந்தது. ஒரு ஹெல்மெட் எட்டிப் பார்த்தது. ஹெல்மெட்டுக்குள் அவருடைய மனைவி!

"மன்னிப்புத்தானே? சொல்லுங்க, கேட்கறேன்."

"நீ... நீயா ஓட்டினே?"

"ஸ்பேனர் பிடிக்கிறது அம்மா. ஸ்டியரிங் பிடிக்கிறது நான். போட்டிக்குப் பேர் குடுத்து ரெண்டு மாசமாச்சு!"

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே!"

"கேட்டேனே! ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டுமான்னு கேட்டேன். 'புது கிளட்ச், உனக்கெல்லாம் வராது'ன்னீங்க. கிளினிக்ல உட்கார்ந்து அழுதேன். அம்மா மறுவாரமே இந்த வண்டியைத் தேடிப் பிடிச்சாங்க." ஹெல்மெட்டைக் கழற்றினாள். "இப்ப சொல்லுங்க. வழியெல்லாம் டிக்கியில படுத்து வந்தீங்களே... வந்துதா, வரலையா?"

கண்ணாடிக்காரர் டிக்கியைத் திரும்பிப் பார்த்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"சபாஷ்னு சொன்னேன்மா. வாய் விட்டு."

மனைவியின் முகம் சிவந்தது. ஒரு வருஷமாக அவர் காரைப் பார்த்த பார்வையை அன்று முதல்முறையாக அவளும் வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பார்வை நாலு நொடிதான் நீடித்தது. ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது!

"அத்தை, நாளைக்குப் போட்டி! என் ஸ்பிரிங்...?"

"திங்கட்கிழமை வாங்க. கோடு போட்டு மாட்டித் தர்றேன்."

"அப்ப இந்தத் தொட்டிலை வச்சுக்கிட்டு நான் நாளைக்கு எதுக்கு வரணும்?"

மாமியார் ஜாக்கியை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் காரின் பிரேக் பேடைக் கழற்றக் குனிந்தாள்.

"வராம இருந்துடாதீங்க மாப்பிள்ளை... ரெண்டாவது பரிசை வெளியாள் எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்!"