சத்தம் கேட்டால் கை தூக்கவும்

சாப்பாட்டு மேஜையில் அருவிக்குப் போவதற்கான பட்டியலை அவள் எழுதிக்கொண்டிருந்தபோது, யாரும் எதுவும் கேட்காமலே மகள் வலது கையைத் தூக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஜன்னல் வெயில் மேஜையின் பாதி வரை வந்து நின்றிருந்தது. நான்கு பேருக்கு எத்தனை துண்டு, ஈரத் துணிக்கு எத்தனை பிளாஸ்டிக் பை, மலைப்பாதை வளைவுகளில் வாந்தி வந்தால் எந்த மாத்திரை என்று அவள் எழுதிக்கொண்டே போக, கணவர் எதிரே உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். அடுத்த சனிக்கிழமை காலை கிளம்பி ஞாயிறு சாயங்காலம் திரும்புவதாகத் திட்டம். அந்த அருவியைத் தெரியாதவர்கள் கிடையாது. நாட்காட்டியில் இருக்கும், பிஸ்கட் டப்பா மூடியில் இருக்கும், பல் டாக்டரின் வரவேற்பறையில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும். போகாமலே பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன அருவி.

"எதுக்குடி வாண்டு கை தூக்கற?"

"சத்தம் கேட்டுச்சும்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காது ஆஸ்பத்திரியில் கேட்கும் திறனைச் சோதிப்பது அவள் வேலை. சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவாள். "சத்தம் கேட்டா வலது கையைத் தூக்குங்க. நின்னாத்தான் இறக்கணும்." ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லும் வசனம் அது. பள்ளி விடுமுறையில் அவளோடு வந்து அந்த அறையில் விளையாடும் ஏழு வயதுப் பெண்ணுக்கு அது பாடமாகிவிட்டதில் ஆச்சரியமில்லை.

"என்ன சத்தம் கேட்டுச்சு?"

மகள் யோசித்தாள். "பெருசா" என்றாள். பிறகு சட்டென்று கையை இறக்கிக்கொண்டு பென்சிலைத் தேடப் போனாள். விளையாட்டுக்குக் கை தூக்கும் பிள்ளைகளை வேலையில் அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அவர்கள் தூக்கும்போது கள்ளச் சிரிப்பு ஒன்று கூடவே வரும். இவள் முகத்தில் அது இல்லை.

அன்று அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளை அரித்துக்கொண்டிருந்த சந்தேகம் வேறு. கணவர் லிப்ட் மெக்கானிக். மேலே போய்க் கீழே வருவதைத் தவிர வேறு எந்தப் பயணமும் அவருக்கு ஆகாது. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் எங்கேயாவது போகலாமா என்று அவர் வாயிலிருந்து வந்ததே கிடையாது. அப்படிப்பட்ட மனிதர் திடீரென்று அருவி, அறை, இரண்டு நாள் லீவு என்று தானாகவே எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்து நின்றால், எந்தப் பெண்டாட்டிதான் சும்மா இருப்பாள்?

திங்கட்கிழமை காலை, பயணத்துக்குப் பெரிய பை வேண்டும் என்று அவருடைய டூல்ஸ் பையை அவள் காலி செய்தபோது அடியில் ஒரு துண்டு கிடைத்தது. ஸ்பேனருக்கும் கிரீஸ் டப்பாவுக்கும் கீழே சுருட்டி வைத்திருந்தது. வெளியூரில் ஏதோ ஓட்டலில் லிப்ட் பழுது என்று அவர் போய்வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அத்தனை நாள் பைக்குள் கிடந்த துண்டு புழுங்கிப் பூஞ்சை பூத்திருக்க வேண்டும். இதுவோ இப்போதுதான் உடம்பைத் துடைத்துப் போட்டதுபோலச் சொட்டச் சொட்ட ஈரமாக, பாறைப்பாசியும் குளிர்ந்த இரும்பும் கலந்த ஒரு வாசனையோடு, தூக்கிய கையிலிருந்து முழங்கை வரை வழிந்தது.

அவள் மனசு எங்கே போகுமோ அங்கே போனது. எவளோடு?

அலசி, வலது கையில் சுற்றி இறுக்கமாகப் பிழிந்து, மாடியில் கொண்டுபோய்க் காயப்போட்டாள். சாயங்காலம் அவர் வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள்.

"அருவிக்குப் போயிருந்தீங்களா?"

"எந்த அருவிக்கு?"

"நாம போகப்போற அருவிக்குத்தான்."

"வேலை பக்கத்துலதானே. சும்மா பத்து நிமிஷம் நின்னேன்."

"போன வாரம் கேட்டப்போ பார்த்ததே இல்லைன்னு சொன்னீங்களே?"

"அப்படியா சொன்னேன்?"

மாட்டிக்கொண்ட ஆள் மழுப்புகிற குரலாக அது இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பி அவளையே கேட்டார்.

"யார்கூடப் போனீங்க?"

"நிறையப் பேர் இருந்தாங்க." கொஞ்சம் யோசித்தார். "எல்லாரும் நம்ம வீட்டு ஆளுங்க மாதிரியே இருந்தாங்க."

செவ்வாய்க்கிழமை அந்தத் துண்டை எடுக்க மாடிக்குப் போனாள். இரண்டு நாள் வெயிலில் பக்கத்துக் கொடியில் கிடந்த போர்வையே மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. துண்டுக்குக் கீழே தரையில் வட்டமாகத் தண்ணீர் தேங்கி நின்றது.

அவள் அதைத் தொடாமல் கீழே இறங்கி வந்தாள். ஹாலில் கொழுந்தன் உட்கார்ந்து ஷூ துடைத்துக்கொண்டிருந்தான். கணவரின் தம்பி, மர அறுவை மில்லில் வேலை. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டது. அவனுக்குச் சோதனை செய்து காது மெஷின் வாங்கிக்கொடுத்தவளே அவள்தான். வேலை முடிந்து வந்தால் இரண்டையும் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு, "அண்ணி, கடையைச் சாத்தியாச்சு, இனிமே திட்டறதுன்னா இப்பவே திட்டிக்கோங்க" என்பான். டப்பா மூடியபடி டீவி மேல் இருந்தது. அதற்குப் பிறகு அவன் பின்னால் இடி விழுந்தாலும் அவனுக்குக் கேட்காது.

அவன் கை மேலே போனது. பிரஷ்ஷைப் பிடித்தபடியே, நேராக.

உள்ளறையில் மகளின் கையும் பென்சிலோடு மேலே நின்றது. இருவருக்கும் நடுவில் ஒரு சுவர். ஒருவரையொருவர் பார்க்க முடியாது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பிரிட்ஜின் முனகல், தெருவில் ஒரு ஸ்கூட்டர், குழாயில் ஒரு சொட்டு. அவ்வளவுதான். இரண்டு கைகளும் ஒரே நொடியில் இறங்கின.

அவள் அவன் முன்னால் போய் நின்றாள். உதட்டைப் பார்த்தால் அவனுக்குப் புரியும்.

"தம்பி, எதுக்குக் கை தூக்கினீங்க?"

"கேட்டுச்சு அண்ணி." அவன் கண் கலங்கியிருந்தது. சந்தோஷத்தில். "இத்தனை வருஷத்துல எனக்கு இவ்வளவு தெளிவா எதுவுமே கேட்டதில்ல."

அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாதவர்கள் சாமி கும்பிடுவார்கள், இல்லையென்றால் அழுவார்கள். அவள் நேரம் குறிக்க ஆரம்பித்தாள். அவளுக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். பயணப் பட்டியலின் பின்பக்கத்தில், ஒவ்வொரு முறை கைகள் எழும்போதும் மணி என்ன, எத்தனை விநாடி நின்றது என்று எழுதிக்கொண்டே வந்தாள். செவ்வாயன்று மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, பத்து விநாடி. புதன்கிழமை மணிக்கொரு முறை, ஒரு நிமிஷம். புதன் காலையிலிருந்து கணவரின் கையும் சேர்ந்துகொண்டது. சவரம் செய்துகொண்டே, பேசிக்கொண்டே, சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே. இப்போது கை எழுவதை மூவரும் கவனிப்பதே இல்லை. நடுக்கத்தில் எழுதியதால் எழுத்தெல்லாம் கோணல் மாணலாக, கோழி கிளறியதுபோல விழுந்திருந்தது.

புதன் சாயங்காலம் புள்ளி வைத்துக் கோடு இழுத்துப் பார்த்தாள். இடைவெளி சுருங்கிக்கொண்டே போய் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒன்றுமில்லாமல் ஆனது. அவர்கள் கிளம்ப வேண்டிய நேரம் அது. அதற்குப் பிறகு கை இறங்காது. மகளை அந்தத் தண்ணீர் பக்கம் விடக் கூடாது, என்ன ஆனாலும் விடக் கூடாது என்று அவள் முடிவு செய்தாள்.

"நாம போக வேண்டாங்க" என்றாள் கணவரிடம்.

சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தாள். அவர், "சரி, போக வேண்டாம்" என்றார். சொல்லிக்கொண்டே மகளின் கவுனை மடித்துப் பைக்குள் வைத்தார். அடுத்ததை எடுத்தார்.

"போக வேண்டாம்னேன்!"

"அதான் சரின்னுட்டேனே. ஏன் கத்தற?" மடித்தார். வைத்தார்.

வியாழக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு எங்காவது போய்விடலாமா என்று யோசித்தாள். எங்கே போவது, யாரிடம் என்ன சொல்வது? சொன்னால் கேட்கிற ஒரே ஆள் ஆஸ்பத்திரி டாக்டர். அவரிடம் வெறுங்கையோடு போனால் லீவு எடுத்து ஓய்வெடுங்கள் என்பார். காகிதத்தில் ஆதாரம் வேண்டும். வெள்ளிக்கிழமை காலை, ஊருக்குப் போகும் முன் மூன்று பேருக்கும் ஒரு காது டெஸ்ட் என்று சொல்லிக் கூப்பிட்டாள். ஏன் எதற்கென்று ஒருவரும் கேட்கவில்லை. மூவரும் வண்டியில் ஏறினார்கள். பைகள் ஏற்கெனவே டிக்கியில் இருந்தன. அதையும் அவள் பார்த்தாள். இன்னும் ஒரு நாள் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கணவரையும் கொழுந்தனையும் வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மகளைச் சோதனை அறைக்குள் அனுப்பினாள். கனமான கதவு காற்றை அமுக்கிக்கொண்டு மூடியது. உள்ளே பஞ்சு ஒட்டிய சுவர், ஒரு நாற்காலி, ஒரு விளக்கு. மகள் பழக்கமாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தாள். அவள் மெஷினைப் போடவே இல்லை. பிளக்கைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். இந்த அறையில் உட்கார்ந்தால் தன் இதயத் துடிப்பு தனக்கே கேட்கும் என்று நோயாளிகள் சொல்வார்கள். உலகத்தில் எந்தச் சத்தமும் அந்தச் சுவரைத் தாண்டி உள்ளே போகாது.

மணி பதினொன்று பத்து. மகளின் கை எழுந்தது.

அவள் எழுதினாள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். மூன்று.

கை இறங்கவில்லை.

உள்ளே இருப்பவரோடு பேசும் பொத்தானை அழுத்தப் பார்த்தாள். மெஷினில் மின்சாரம் இல்லை. கண்ணாடியைத் தட்டி, "கையை இறக்கு" என்று உதட்டசைத்தாள். மகள் இல்லை என்று தலையாட்டினாள். அவள் உதடுகள் அசைந்தன. கேட்காவிட்டாலும் புரிந்தது.

இன்னும் நிக்கலையேம்மா.

அவள் திரும்பினாள். வெளிக் கதவின் சின்னச் சதுரக் கண்ணாடியில் வராந்தா தெரிந்தது. கணவரின் கை மேலே. கொழுந்தனின் கை மேலே. அவர்களுக்கு அடுத்து ஒரு கிழவர். அவருக்கு அடுத்து ஒரு கைக்குழந்தைக்காரி. குழந்தை. எல்லாரும் இந்த வாரம் அவளிடம் வந்துபோனவர்கள். எல்லார் தலையிலும் ஹெட்போனை மாட்டிவிட்டது அவள் கைதான்.

துண்டைப் பிழிந்த கை.

சனிக்கிழமை காலைதானே? கணக்கில் எங்கே தப்பு? மேஜையில் கிடந்த காகிதத்தைக் குனிந்து பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை எழுதிய துண்டு, பை, மாத்திரை எல்லாம் அவளுடைய வழக்கமான உருண்டை எழுத்து. திருப்பினாள். செவ்வாய். புதன். வியாழன். கோணல் எழுத்து. எல்லாமே கோணல். மூன்று பேரின் கைகளை மட்டும்தான் எண்ணியிருக்கிறாள். நடுக்கம் இல்லை இது. பழக்கமில்லாத கை எழுதியது.

இடது கை.

பேனா இப்போதும் அவள் இடது கையில்தான் இருந்தது.

அவள் மெதுவாகத் தலையைத் தூக்கிக் கண்ணாடியைப் பார்த்தாள். அதற்குள் மகள் கை தூக்கியபடி உட்கார்ந்திருந்தாள். அதே கண்ணாடியின் மேல் அவளுடைய பிம்பமும் விழுந்திருந்தது. பிம்பத்தில் அவள் வலது கை தலைக்கு மேலே நின்றது. முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

இறக்கப் பார்த்தாள். இடது கையால் பிடித்து இழுத்தாள். தொங்கினாள். முடியவில்லை.

மகள் தானாகவே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். கணவர் வராந்தாவில் எழுந்து நின்றார்.

"கிளம்பலாமா?"

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். "கிளம்பலாம்" என்றாள்.

அவர் ஒற்றைக் கையால் வண்டியை ஓட்டினார். பட்டப்பகல், நல்ல வெயில். மலைக்குப் போகும் சாலையில் முன்னும் பின்னும் கண்ணுக்கு எட்டிய வரை வண்டிகள், உல்லாசப் பயணம் போகிறவர்களைப்போல, எல்லா ஜன்னல்களும் திறந்து, ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் ஒரு கை மேலே நீண்டு. மழை இல்லை. சாலை முழுக்க நனைந்திருந்தது. பின் சீட்டில் கொழுந்தன் அழுதுகொண்டே சிரித்தான். மகள் கண்ணை மூடி, சத்தத்தைக் கேட்டு ரசித்தபடி அவள் மேல் சாய்ந்திருந்தாள்.

அவளுக்கு இன்னும் எதுவும் கேட்கவில்லை.