உருகாத ஐஸ்

மருந்து ஏறி இரண்டு மணி நேரமாகியும் மிரியாவின் இமைகள் திறக்கவில்லை. கேரேமா ஊர் ஆஸ்பத்திரியில் மூச்சு இயந்திரம் கிடையாது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அவளுடைய தாயே ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"டைப்பான் பாம்புக் கடிக்கு இந்த மருந்து கேக்கணும், சார்ஜென்ட்," என்றார் டாக்டர். "லேட்டாயிடுச்சுதான். ஆனா துளிகூட அசைவில்லையே. மருந்துமேல மனசு ஒப்பல. அதான் கூப்பிட்டேன்."

தலைநகர் மோர்ஸ்பியிலிருந்து விமானத்தில் முக்கால் மணிதான். ஆனால் மலையெங்கும் மேகம் கவிழ்ந்து கிடந்ததால், இருந்த ஒரே குப்பியை விடியற்காலையில் லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். நல்ல நாளிலேயே அது ஏழு மணி நேரப் பாதை.

போலீஸ் சார்ஜென்ட் ஹரேவா மருந்து வந்த ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டாள். ஐஸ் சுள்ளென்று கடித்தது. கட்டிகளின் முனை இன்னும் மழுங்கவில்லை. நகம்போல் மெல்லிய, பளபளப்பான ஏதோ ஒன்று விரலில் ஒட்டிக்கொண்டது.

டிரைவர் ஃபரோவா வெளியே மாமரத்தடியில் குந்தியிருந்தான்.

"வழியில எங்கயாச்சும் நின்னியா?"

"இல்லக்கா."

"பெட்டியத் திறந்தியா?"

"ஐயோ, நான் ஏன் திறக்கறேன்? மோர்ஸ்பில ஒட்டின டேப்பு. டாக்டர்தான் பிரிச்சாரு."

"உள்ள என்ன வச்சாங்க?"

"மருந்து, ஐஸ். வேறென்ன?"

"வெயில் எப்படி?"

"மேகமெல்லாம் மலையிலதான். ரோட்டுல மண்ட பொளந்துடுச்சு."

ஹரேவா விரலை நீட்டினாள். "இது என்னன்னு சொல்லு."

அவன் பார்த்தான்.

"மீன் செதிள். ப்ளேன்ல வந்திருந்தா ஐஸ் அப்படியே இருந்திருக்கும். ஏழு மணி நேரம் வெயில்ல வந்த பெட்டியில பாதி தண்ணியா இல்ல இருக்கணும்? எல்லாரும் மருந்தப் பாத்தாங்க, ஐஸ யாரும் பாக்கல. ஆத்தங்கரைச் சந்தையில மீன்காரங்ககிட்ட புது ஐஸ் வாங்கிப் போட்டிருக்க. திறக்காத பெட்டிக்குள்ள ஐஸ் எப்படிப் போச்சு? மருந்த எடுத்தது நீதான். யாருக்கு வித்த?"

"விக்கலக்கா." அவன் எழுந்து நின்றான். "பாதி வழியில போன் வந்துச்சு. எம் மகனையும் கடிச்சிருச்சு. கையில ஒத்தக் குப்பி. தெரிஞ்ச நர்சம்மா ஊசி போட்டாங்க. அப்புறம் நான்தான் காலிக் குப்பியில உப்புத்தண்ணிய ஏத்தினேன். திறந்ததுல உருகின ஐஸுக்குப் பதிலா புதுசு போட்டு, டேப்ப மறுபடி ஒட்டினேன்."

ஹரேவாவின் கையில் விலங்கு இருந்தது. அதை இடுப்பில் மாட்டிக்கொண்டாள். மோர்ஸ்பிக்குப் போன் போட்டாள். இனி சிட்னியிலிருந்துதான் மருந்து வர வேண்டும் என்றார்கள். அதற்கும் மேகம் விலக வேண்டும்.

"நானும் பைய அமுக்கறேன்க்கா. அப்புறம் கூட்டிட்டுப் போங்க," என்று அவன் கெஞ்சினான். உள்ளே ஆள் போதவில்லை. அவனைக் கூட்டிக்கொண்டு போய்த் தாயிடம் எல்லாவற்றையும் சொன்னாள் ஹரேவா. தாய் அமுக்குவதை நிறுத்தாமல் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு பையை அவன் கையில் கொடுத்தாள்.

இரண்டு நாள் மாறி மாறி அமுக்கினார்கள். மேகம் விலகவே இல்லை. மூன்றாம் நாள் பகலில், அவன் கையில் பை இருக்கும்போதே, மிரியாவின் இதயம் நின்றது.

ஹரேவா விலங்கை எடுத்தாள். கேட்பதற்கு முன்பே அவன் கைகளை நீட்டினான்.

"உம் மகன் பேரென்ன?" என்று தாய் கேட்டாள்.

"லேவி."

"பொழச்சுட்டானா?"

ஆமென்று தலையாட்டினான்.

"காட்டுப் பக்கம் விடாத," என்றாள் தாய்.