கழிப்புக் கோழி

கோழியை அடுப்பைப் பார்த்துத்தான் படுக்க வைத்திருந்தாள். பியாட்ரிஸுக்கு அதில் சந்தேகமே இல்லை. சாக்கை நாலாக மடித்து, சுட்ட செங்கல்லைத் துணியில் சுற்றி அடியில் வைத்து, அதன் முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக் கிடத்திவிட்டுத்தான் தண்ணீர் பிடிக்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் அது பின்கதவைப் பார்த்துக் கிடக்கிறது. நிற்கவே முடியாத கோழி. இரண்டு காலும் துவண்டுபோன கோழி. அது எப்படித் திரும்பியது?

"ஏன்டி, அங்க யாரு இருக்கா உனக்கு?" என்று கேட்டு, மறுபடியும் அடுப்புப் பக்கம் திருப்பி வைத்தாள். வாய்விட்டுப் பேசி ரொம்ப நாளாகியிருந்தது. தன் குரலே யாரோ பேசுகிற மாதிரி கேட்டது.

மழை விட்டபாடில்லை. இந்த ரெங்கம் ஊரில் வருஷக் கடைசி மழையை மழை என்று சொல்வதே தப்பு, அது வந்து குடியேறிவிடும். தகரக் கூரையில் இரைந்து கொட்டி, பலகைச் சுவரில் கசிந்து, துவைத்த துணியையெல்லாம் நாறடித்து, கித்தாக் காட்டுக்குள்ளிருந்து புளித்த ரப்பர்ப் பால் வாடையையும் புகைக்கூடத்து வாடையையும் ஒன்றாக அள்ளிக்கொண்டு வந்து சமையலறைக்குள் இறக்கிவிட்டுப் போகும். மலாயாவில் ஏது குளிர் என்று சிரிக்கிறவர்கள் ஒரு தடவை டிசம்பரில் இந்தத் தோட்டத்து ஓரத்து வீட்டில் தனியாகப் படுத்துப் பார்க்கட்டும்.

பியாட்ரிஸ் தனியாகத்தான் படுத்தாள். புருஷன் ஸ்டானிஸ்லாஸ் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர். மருந்து கொடுப்பது, கட்டுப் போடுவது எல்லாம் அவர்தான். காய்ச்சல்காரர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு பத்து பாகாட் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனவர், ஆயர் ஈத்தாமில் வெள்ளம் ரோட்டை முழுங்கிவிட்டதால் அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டார். பத்து பாகாட்தான் அவள் பிறந்த ஊர். அக்கா தங்கைகள் சத்தத்தில் அடுத்தவர் பேசுவது காதில் விழாத வீடு. இங்கேயோ பக்கத்திலிருந்த கணக்கெழுதும் கிராணியின் வீட்டுக்காரி கிறிஸ்துமஸுக்குச் சிங்கப்பூர் போய்விட்டாள். கூப்பிடு தூரத்தில் கூலிக்காரர் லயம் இருந்தது. ஆனால் உத்தியோகஸ்தர் வீட்டுப் பெண் லயத்துப் பக்கம் போகக்கூடாது என்று புருஷன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கௌரவமாம். கௌரவத்தோடு எத்தனை நாள் பேசிக்கொண்டிருக்க முடியும்?

அப்படி இருந்தபோதுதான் கடைக்குப் போய்த் திரும்பும் வழியில், முச்சந்தி மரத்தடியில் அந்தக் கோழியைப் பார்த்தாள். தலையில் குங்குமம், காலில் மஞ்சள் நூல், பக்கத்தில் அறுத்துப் போட்ட எலுமிச்சம்பழம். என்னவென்று தெரியாத அளவுக்கு அவள் பாப்பா இல்லை. கழிப்புக் கழித்திருக்கிறார்கள். நோயாளியின் தலையைச் சுற்றிக் கோழியை முச்சந்தியில் விட்டுவிட்டால் நோய் கோழிக்குப் போய்விடும், கோழி அங்கேயே கிடந்து சாகவேண்டும், அதை யாரும் தொடக்கூடாது. கான்வென்டில் சிஸ்டர்மார் இதற்கெல்லாம் அஞ்ஞானம் என்று ஒரே வார்த்தையில் பேர் வைத்திருந்தார்கள். பியாட்ரிஸ் சிலுவை போட்டுக்கொண்டாள், பல்லால் கடித்து நூலை அறுத்தாள், கோழியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். இரக்கம் என்றுதான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மை வேறு. அது தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. அவளை ஒரு ஜீவன் பார்த்தே பல நாளாகியிருந்தது.

பழைய சேலைத் துண்டில் இரண்டு ஓட்டை போட்டு, முக்காலியைக் கவிழ்த்து அதன் கால்களில் தூளி மாதிரி கட்டி, கோழியின் பாதம் மட்டும் தரையைத் தொடுகிற மாதிரி தினமும் கொஞ்ச நேரம் தொங்கவிட்டாள். தேங்காயெண்ணெயைச் சூடுபண்ணிக் காலில் நீவினாள். எச்சத்தைத் துடைத்தாள். நெஞ்செலும்பு புண்ணாகாமல் பக்கம் மாற்றிப் படுக்க வைத்தாள். இஞ்சித் தண்ணீரை விரல் நுனியில் தொட்டு அலகோரத்தில் விட்டாள். கெர்ட்ரூட் என்று பேர் வைத்தாள். அது அவளுடைய வாயாடி அக்காவின் பேர். இந்தக் கெர்ட்ரூட்டோ ஒரு கொக்கரிப்புக்கூட இல்லாத ஊமை. இருந்தால் என்ன, பேச்சுக்குப் பேச்சு அது முகத்தைப் பார்த்துக் கேட்டது. ராத்திரி ஜெபத்தைக்கூட அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் சொன்னாள். தூக்கம் நன்றாக வந்தது.

நொய்யரிசி போட்டால் தொடாது. கம்பு போட்டால் தொடாது. ஒருநாள் அவள் சாப்பிட்ட தட்டில் கருவாட்டுக் குழம்புச் சோறு மீதி இருந்தது. கெர்ட்ரூட் கழுத்தை நீட்டிய நீட்டு! பிசைந்து உருட்டிக் கொடுத்தாள். கோழிக்கு இத்தனை நாக்கு நீளமா என்று சிரிப்பு வந்தது. அன்றைக்கு விடியும் முன்பு, மழைச் சத்தத்துக்கு நடுவே, சமையலறையில் யாரோ இருமினார்கள். நெஞ்சிலிருந்து வருகிற, பீடிக்காரன் இருமல். விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தாள். யாரும் இல்லை. கெர்ட்ரூட் மட்டும் பின்கதவைப் பார்த்துக் கிடந்தது.

விறகு கொண்டுவருகிற பூங்காவனம் வந்தாள். லயத்துக்காரி. அவள் புருஷன் அய்யாவு பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டுகிறவன், காய்ச்சலுக்குப் பிறகு கால் விளங்காமல் கிடந்தவன். பூங்காவனத்தின் முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"டிரெசரம்மா! எங்க வீட்டுக்காரரு எழுந்துட்டாரும்மா! கழிப்புக் கழிச்சோம், அன்னைக்கே எழுந்து நின்னுட்டாரு. பேச்சுதான் இன்னும் வரல. வந்துரும்."

"ரொம்ப சந்தோஷம், பூங்காவனம்," என்றாள் பியாட்ரிஸ். மனசாரத்தான் சொன்னாள். கதவை மட்டும் உடம்பால் மறைத்துக்கொண்டாள். சமையலறைக்குள், விறகுக்காரியின் குரல் கேட்டதிலிருந்து, சாக்கு சரசரவென்று பிராண்டப்படும் சத்தம். அவள் போனபிறகுதான் நின்றது.

அடுத்த தடவை பூங்காவனம் விறகில்லாமல் வந்தாள். மழைக்குத் தலையில் போடுகிற சாக்குகூட இல்லை. நனைந்துகொண்டே நின்றாள்.

"உள்ள வா, ஏன் மழையில நிக்கிற?"

"வரலம்மா. ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிடுறேன்." முகத்திலிருந்து மழைத்தண்ணீரை வழித்துவிட்டாள். "அவரு அவரா இல்லம்மா. கருவாடுன்னா உயிரை விடுற மனுஷன், இப்ப வாடை பட்டாலே தள்ளிப் போயிடுறாரு. தரையில சிந்துன நொய்யைப் பொறுக்கித் திங்கிறாரு. கையால இல்லம்மா. வாயால. விளக்கு வைக்கிற நேரமானா உத்தரத்துல ஏறிக் குந்திக்கிறாரு. கூப்பிட்டா ஒரு கண்ணாலதான் பாக்குறாரு."

பியாட்ரிஸ் கதவை இன்னும் கொஞ்சம் ஒருக்களித்தாள்.

"காளியப்பன் பூசாரி முச்சந்தியில போய்ப் பாத்தாரு. கோழியக் காணோம். நூலை யாரோ அறுத்துப் போட்டிருக்காங்க. எங்க வீட்டுக்காரருகிட்ட இருந்தது கோழிக்குள்ள போயிடுச்சாம், கோழிகிட்ட இருந்தது அவருக்குள்ள வந்துடுச்சாம். கோழியைத் திரும்பக் கொண்டுபோய் அங்கேயே விட்டாத்தான் என் மனுஷன் எனக்குக் கிடைப்பாரும்மா. நீங்க எங்கயாச்சும் பாத்தீங்களா?"

பின்னால், சமையலறையில், இருமல்.

பூங்காவனம் நிமிர்ந்தாள். "ஐயா வந்துட்டாங்களா?"

"ஆமா," என்றாள் பியாட்ரிஸ். "கோழி எதையும் நான் பாக்கல."

சேசுவே, இவ்வளவு சுலபமாகப் பொய் வரும் என்று அவளுக்கே தெரியாது.

அன்று முழுக்க அவள் மனம் ஒரு நிலையில் இல்லை. கொடுத்துவிட வேண்டும். கொடுக்கத்தான் வேண்டும், அடுத்தவள் புருஷன்! கூடையில் சாக்கைப் போட்டு, கோழியை எடுத்து வைத்து, குடையை விரித்துக்கொண்டு பின்படி வரைக்கும் போனாள். கோழியின் உடம்பு அவள் கைக்குள் கதகதவென்று இருந்தது. முன்னால் வரிசை வரிசையாக மரங்கள், மழை, அதற்குப் பின்னாலும் மரங்கள். கோழியை விட்டுவிட்டுத் திரும்பி வந்தால் வீட்டில் என்ன இருக்கும்? ஆறிப்போன செங்கல் இருக்கும். கூரைச் சத்தம் இருக்கும். பைத்தியம் பிடித்துவிடும் அவளுக்கு. நாளைக்குக் கொடுக்கலாம். மழை கொஞ்சம் விடட்டும். கூடையோடு உள்ளே வந்து, கோழியைத் தூளியில் மாட்டி, கருவாட்டுச் சோறு பிசைந்தாள். அது சாப்பிடவில்லை. பின்கதவையே பார்த்தது.

மேகம் கவிந்து சீக்கிரமே இருட்டிவிட்டது. விளக்கேற்றித் திரியைத் தூண்டியபோது பின்படியில் சத்தம் கேட்டது. யாரும் தட்டவில்லை. பிராண்டுகிற சத்தம். கொஞ்சம் நின்று, மறுபடியும். மண்ணைக் கிளறுவதுபோல.

"யாரு? ஸ்டானியா?"

பிராண்டல் மறுபடியும் கேட்டது.

வெள்ளம் வடிந்திருக்கும், நனைந்து நடுங்கிக்கொண்டு வந்திருப்பார் என்று ஒரு ஆசை. தாழ்ப்பாளை எடுத்தாள்.

அய்யாவு நின்றான்.

பெரிய உருவம். பால் வாளிகளைக் காவடியில் தூக்கிப் போகும்போது தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஒரு கண்ணால் அவளைப் பார்த்தான். தலையைச் சட்டென்று திருப்பினான். மற்றக் கண்ணால் பார்த்தான். கத்தவேண்டும் என்று நினைத்தாள். சுவரோரமாக ஒதுங்கினாள்.

காலை உயரத் தூக்கி, விரல்களைச் சுருட்டி, விரித்து, நிலைக்கு உள்ளே வைத்தான். அடுத்த கால். அவளைத் தாண்டிப் போனான். ஈரமண் வாடை, அதோடு இறகு வாடை. அடுப்போரத்துச் சாக்கைக் கண்டுபிடித்தான். சூடான செங்கல்மேல் குந்தி உட்கார்ந்தான். கைகளை விலாவோடு ஒட்டி மடக்கினான். தோளுக்குள் முகத்தைப் புதைத்தான். தொண்டைக்குள் மெதுவாக ஒரு சத்தம். நிம்மதிச் சத்தம்.

"ஏங்க! ஏங்க! எங்க போயிட்டீங்க?"

பூங்காவனம். ஒற்றையடிப் பாதையில் அரிக்கேன் வெளிச்சம் ஆடியாடி வந்தது.

தூளி அறுந்தது. கெர்ட்ரூட் தரையில் விழுந்தது. எழுந்தது. இரண்டு காலில் நின்றது. முதல் தடவையாக. தள்ளாடித் தள்ளாடி வாசலைப் பார்த்து ஓடியது. ஓடும்போதே இருமியது. இருமல் இல்லை அது. கூப்பிடப் பார்க்கிறது. பேச்சு வரவில்லை.

கதவு திறந்துதான் இருந்தது. அவள் ஒன்றும் செய்யவேண்டாம், சும்மா நின்றால் போதும். கோழி படியிறங்கிப் போகும், பூங்காவனம் பிடித்துக்கொள்வாள், முச்சந்திக்குக் கொண்டுபோவாள். அவன் மனுஷனாக எழுந்து வீட்டுக்குப் போவான். எல்லோரும் போய்விடுவார்கள். எல்லோரும்.

பியாட்ரிஸ் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள்.

"டிரெசரம்மா! டிரெசரம்மா! அவரு இந்தப் பக்கம் வந்தாராம்மா?"

"இல்லையே, பூங்காவனம்," என்றாள், பலகையில் வாயை வைத்து. "யாரும் வரல. போய்ப் படு."

அழுகுரல் மழைக்குள் தூரமாகிக்கொண்டே போனது. காலடியில் கோழி பலகைமேல் மோதியது. பின்வாங்கியது. மறுபடியும் மோதியது. நெஞ்சால். தலையால். பலகையில் ரத்தம்.

அவள் சாக்கின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பானையிலிருந்து நொய்க்கஞ்சியை அள்ளி, கட்டியாகப் பிசைந்து, உருட்டினாள். அய்யாவு தோளிலிருந்து முகத்தை எடுத்தான். ஒரு கண்ணால் அவளைப் பார்த்தான்.

"சாப்பிடு," என்றாள். "நல்லா சாப்பிடு. நான் இருக்கேன்ல."

அவன் கழுத்தை மேலே நீட்டி, வாயை அகலமாகத் திறந்து, காத்திருந்தான்.