கடலுக்குப் போன விசில்

சனிக்கிழமை சாயங்காலம் கண்ணன் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். கண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில். அவர் மனைவி சித்ரா கட்டில் ஓரத்தில். மகன் அக்ஷய் தரையில், ஃபேனுக்கு நேர் கீழே. அந்த இடத்தை அவன் யாருக்கும் விடமாட்டான். பக்கத்து வீட்டு ஜனனி அரிசி மூட்டையின் மேல். நடுவே முக்காலியில், காப்பித்தூள் டப்பாவில் சாய்ந்தபடி கண்ணனின் போன்.

போனுக்குள் நாச்சியம்மை இருந்தாள். கண்ணனுடைய அண்ணன் மகள், ஜனனியின் உயிர்த்தோழி. கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் இதே தெருவில் வளர்ந்தவள்தான். ஆறு மாதம் முன்பு அவள் அப்பாவுக்கு மலேசியாவில் வேலை கிடைக்க, குடும்பத்தோடு லங்காவித் தீவுக்குப் போய்விட்டாள். கண்ணனும் மறுநாள் அங்கேதான் கிளம்புகிறார், அண்ணன் வீட்டில் ஒரு மாதம் தங்கி வர.

நாச்சியின் அம்மா சந்திரலேகாதான் பேசினாள். அங்கே பள்ளிக்கூடத்திலேயே கயாக் ஓட்டக் கற்றுத் தருகிறார்கள். ஒருவர் மட்டும் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற சின்னப் படகு அது. மற்றப் பிள்ளைகள் முதல் வாரமே கடலில் இறங்கிவிட்டார்கள். நாச்சி மட்டும் நாலு வாரமாகக் கரையிலேயே நிற்கிறாள். இறங்கு என்றால், கையால் தண்ணீரை மொண்டு, தள்ளிப் போய்க் காலைக் கழுவிக்கொண்டு, மறுபடியும் மணலில் நிற்கிறாள். பயம் என்கிறார் பயிற்சியாளர். வருகிற வெள்ளிக்கிழமையும் இறங்காவிட்டால் பெயரை அடித்துவிடுவார்களாம்.

"வீட்டுல வந்து கட்டில் மேல உக்காந்து, துடைப்பத்தை வச்சுத் துடுப்புப் போடுறா. எனக்கு ஒண்ணும் புரியலை" என்றாள் சந்திரலேகா.

நாச்சி மஞ்சள் மிதவைச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தாள்.

கண்ணன் தைரியம் சொன்னார். சித்ரா காளையார்கோவிலுக்கு வேண்டிக்கொள்வதாகச் சொன்னாள். அக்ஷய், "பக்கெட்டுல குளிச்ச பிள்ளையைக் கடல்ல இறங்கச் சொன்னா எப்படி?" என்று சிரித்தான்.

ஜனனிக்குச் சிரிப்பு வரவில்லை. நாச்சிக்குத் தண்ணீரென்றால் பயமா? பம்ப்செட் தொட்டியில் முதல் ஆளாகக் குதிப்பவளே அவள்தானே.

கையால் மொண்டு, தள்ளிப் போய்க் காலைக் கழுவி...

ஜனனிக்குச் சட்டென்று விளங்கியது. அப்படிச் செய்வது ஊருணியில்தான். ஊரே குடிக்கிற தண்ணீர். அதில் யாரும் கால் வைப்பதில்லை. கால் கழுவ வேண்டுமென்றால்கூட ஒரு சொம்பு மொண்டு தள்ளிப் போய்விட வேண்டும்.

போன வருடம் நாச்சியின் சொம்பு நழுவி ஊருணிக்குள் விழுந்தது. அதைப் பிடிக்க அவள் தண்ணீரில் ஒரு கால் வைத்துவிட்டாள். ஊருணிக் காவல்காரர் வேல்பாண்டி விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தார். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தெருவுக்கே தண்ணீரைக் கெடுத்துவிட்டோமென்று நாச்சி இரண்டு நாள் தண்ணீரே குடிக்கவில்லை. வெறும் மோர்தான். "இனிமே குழாய்த் தண்ணி, பம்ப்செட் தண்ணி தவிர எதுலயும் கால் வைக்க மாட்டேன். யாருட்டயும் சொல்லாத" என்று ஜனனியிடம் கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

இங்கே சொன்னால் அக்ஷய் தீபாவளி வரைக்கும் சிரிப்பான். நாச்சிக்குக் கடிதம் எழுதிக் கண்ணனிடம் கொடுத்தனுப்பலாம் என்று ஜனனி நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஊருணிக்குப் போனாள். வேல்பாண்டி வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் இரும்பு நாற்காலியில் இருந்தார்.

"மாமா, போன வருசம் நாச்சியை வைஞ்சீகளே, ஞாபகம் இருக்கா?"

"நானா? ஒரு நாளைக்குப் பத்துப் பேரை வையிறேன். எதைன்னு நினைக்க?"

சத்தியத்தை உடைக்கிறோமே என்று ஜனனிக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் இவரிடம் சொல்லாமல் முடியாது. சொன்னாள். வேல்பாண்டி கேட்டுக்கொண்டே வந்தவர், மோர் என்ற இடத்தில் விசிலைக் கையில் எடுத்து வெறுமனே உருட்டினார்.

"ரெண்டு நாளா தண்ணி குடிக்கலை?"

"ஆமா. இப்பக் கடல்லயும் கால் வைக்க மாட்டேங்குறா."

"ஏம்மா, கடல்ல இருக்க மீனெல்லாம் காலைக் கழுவிட்டா உள்ள போகுது?" என்றார். ஆனால் அவர் முகம் சிரிக்கவில்லை. "நீ எழுது தாயி. நான் கையெழுத்துப் போடுறேன்."

ஜனனி எழுதினாள்.

"அன்புள்ள நாச்சி, நலம். நலமறிய ஆவல். ஊருணி வேறு, கடல் வேறு. கடல் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. குடித்தால் நீயே துப்பிவிடுவாய். அதனால் கடலில் கால் வைக்கலாம். முழங்காலும் வைக்கலாம். இன்னொரு விஷயம். நீ கால் வைத்த அன்றைக்கும் நான் ஊருணித் தண்ணீர்தான் குடித்தேன். மறுநாளும் குடித்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு விரற்கடை வளர்ந்திருக்கிறேன். இதற்குச் சாட்சி: வேல்பாண்டி, ஊருணிக் காவல்."

வேல்பாண்டி இரண்டு தடவை படித்துவிட்டு, பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினார்.

"இதையும் வச்சு அனுப்பு. ஊதிக்கிட்டே இறங்கச் சொல்லு. இந்தத் தடவை இறங்குன்னு அர்த்தம்."

"அப்ப உங்களுக்கு?"

"எனக்குத்தான் ரெண்டு கை இருக்குல்ல."

மத்தியானம் திருச்சி விமான நிலையத்துக்குப் போகிற கார் வாசலில் நின்றது. ஜனனி வேல்பாண்டி சொன்னதையும் கடிதத்தின் அடியில் எழுதி, விசிலோடு உறையில் போட்டு, நான்கு சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டினாள். ஓரமெல்லாம் கட்டைவிரலால் அழுத்திவிட்டுக் கண்ணனிடம் நீட்டினாள்.

"என்னம்மா உள்ள உருளுது?"

"விசில், சித்தப்பா. நாச்சி கையில மட்டும் குடுங்க."

"லங்காவியில விசில் கிடைக்காதாக்கும்?" என்றான் அக்ஷய்.

"இந்த விசில் கிடைக்காது."

கண்ணன் உறையைச் சட்டைப்பையில் வைத்துப் பட்டனையும் போட்டுக்கொண்டார். கார் புறப்பட்டு, தெருமுனை திரும்பி, ஊருணிக் கரைப் பக்கம் போனது. அந்நேரம் யாரோ படியில் காலை நீட்டியிருக்க வேண்டும். விசில் சத்தம் கேட்கவில்லை. படபடவென்று இரண்டு கை தட்டுகிற சத்தம்தான் கேட்டது.