சிட்டு வரவில்லை

பேன் தொல்லை தாங்காமல், சிட்டுவின் நீளமான முடியை அம்மா காதுவரை கத்தரித்துவிட்டாள். மறுநாள் காலை, பள்ளிக்கூட வாசலில் இருந்த மெஷினுக்கு சிட்டுவை அடையாளமே தெரியவில்லை.

முகத்தைப் பார்த்து வருகைப் பதிவு போடும் மெஷின் அது. போன மாதம்தான் வந்தது. ஆளைத் தெரிந்துவிட்டால் பச்சை விளக்கு எரியும். சிட்டு சிரித்துப் பார்த்தாள். சிரிக்காமல் பார்த்தாள். விளக்கு எரியவே இல்லை. பின்னால் வரிசை நெளிந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வாட்ச்மேன் உள்ளே அனுப்பிவிட்டார்.

இரண்டாவது பாடம் நடந்துகொண்டிருந்தபோது வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த சிட்டுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளி மைதானத்துக்குள் டவுன் பஸ் நின்றது. ஜன்னல்தோறும் பயணிகளின் தலைகள். டிரைவர் சீட்டிலிருந்து குதித்து ஓடி வந்தவர், அவளுடைய அப்பா.

ஆசிரியரிடம் சொல்லிவிட்டு சிட்டு வாசலுக்கு ஓடினாள். அவளைக் கண்டதும் அப்பா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அப்பா இப்படிப் பயந்து அவள் பார்த்ததே இல்லை. தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

நடந்ததைக் கண்டக்டர் மாமாதான் சொன்னார். வண்டி ஓட்டும்போது அப்பா போனைத் தொட மாட்டார். அது கண்டக்டர் பையில்தான் இருக்கும். அதில், 'உங்கள் மகள் இன்று பள்ளிக்கு வரவில்லை' என்று செய்தி வந்ததாம். காலையில் பள்ளித் தெருமுனையில் அவளை இறக்கிவிட்டதே அப்பாதான். பதறிப்போய்ப் பள்ளிக்குப் போன் போட்டால், 'காத்திருக்கவும்' என்று சொல்லிவிட்டு அது பாட்டுப் பாடியதாம். பஸ்ஸை நேரே பள்ளிக்கு விடச் சொன்னது பயணிகளாம்.

சத்தம் கேட்டுத் தலைமை ஆசிரியையும் அங்கே வந்துவிட்டார். மெஷின் கம்பெனிக்காரர்களை ஒரு கை பார்க்கிறேன் என்று போனை எடுத்தார்.

சிட்டுவுக்கு வேறொன்று உறைத்தது.

"டீச்சர், வேற யார் வீட்டுக்கெல்லாம் இப்படி மெசேஜ் போச்சு? அவங்களும் அப்பா மாதிரி பயந்துபோய் இருப்பாங்களே."

தலைமை ஆசிரியை போனைக் கீழே வைத்துவிட்டார்.

மெஷின் 'வரவில்லை' என்று காட்டிய பட்டியலில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். சிட்டு அதை வாங்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாக ஓடினாள். புதுக் கண்ணாடி போட்ட மூன்றாம் வகுப்புப் பொடியன் முதல் பெஞ்சில் இருந்தான். பல்வலியில் கன்னம் வீங்கிய எட்டாம் வகுப்பு அக்கா கடைசி பெஞ்சில் இருந்தாள். இன்னொருவன் மட்டும் நிஜமாகவே காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தான்.

பொடியன், அக்கா இரண்டு பேர் வீட்டுக்கும் உடனே போன் போனது. பொடியனின் அம்மா அதற்குள் பாதி வழி ஓடி வந்திருந்தார். பிள்ளையைக் கண்ணால் பார்த்த பிறகுதான், தன் கால்களில் இருந்த செருப்புகள் வேறு வேறு ஜோடி என்பதைக் கவனித்தார்.

"மெசேஜ் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பேர் கூப்பிட்டுப் பாத்துடலாமே டீச்சர்" என்றாள் சிட்டு.

தலைமை ஆசிரியை அவள் தலையைத் தடவிவிட்டு, அன்றே எல்லா வகுப்புக்கும் பழைய மாதிரி பதிவேடு கொடுத்தனுப்பினார்.

மறுநாள் பெயர் கூப்பிட்டபோது, "உள்ளேன் ஐயா" என்று சிட்டு போட்ட சத்தத்தில், பக்கத்து வகுப்பு ஆசிரியர் அந்தக் குரல் யாருடையது என்று தன் பதிவேட்டில் தேடிக்கொண்டிருந்தாராம்.