பழைய லோடு

வித்யா வந்தபோது காலை எட்டு மணிதான். ஆனாலும் ஆபீசுக்குள் லைட் போட வேண்டியிருந்தது. ஜூலை மாதத்துச் சாரல் நாலு நாளாகப் போடியை விடவில்லை. எங்கள் ஆபீஸ் முன்பு ஏலக்காய்க் குடோனாக இருந்தது. ஜன்னல் என்று சொல்ல, உயரத்தில் இரண்டு ஓட்டைகள் மட்டும். வெளியே மழை பெய்தால் உள்ளே சாயங்காலம் ஆகிவிடும்.

"இனியவன் அண்ணே நீங்கதானா? தேனியில இருந்து வர்றேன். மெயில் நிறைஞ்சு போச்சுன்னு முதலாளி போன் பண்ணாரு."

ராசிங்காபுரத்துப் பெண். வியாபாரிகளின் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். குடையை மூலையில் சாய்த்துவிட்டு, என் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வடநாட்டு வியாபாரிகள் அனுப்பிய மெயில்கள் இரண்டு நாளாக இடமில்லை என்று திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. முதலாளி என்னைப் பிடித்துக் கத்தினார். நான் தலைகுனிந்துகொண்டேன். உள்ளூர எனக்குச் சந்தோஷம்தான். இந்த நாளுக்காக மூன்று வருடம் காத்திருந்தேன்.

நான் அழிக்க வேண்டிய மெயில் ஒன்று இருந்தது.

முதலாளிக்கு ஒரு கொள்கை உண்டு. மலையில் இருக்கும் ஏலக்காய் எஸ்டேட்டிலிருந்து எந்தச் சேதி வந்தாலும் எழுத்தில் வர வேண்டும். வாய்ப்பேச்சு பின்னால் நிற்காது என்பார். அதனால் எஸ்டேட் சூப்பர்வைசர் மலைச்சாமி அண்ணன் தினமும் காலை ஏழு மணிக்கு மெயில் அனுப்புவார். அனுப்பிய கையோடு ஆபீசுக்குப் போன் செய்து, ஒன்றே ஒன்று கேட்பார்.

"பாத்துட்டியா தம்பி?"

"பாத்துட்டேன்ணே."

மழை எவ்வளவு, காய் எத்தனை மூட்டை, காய வைக்கிற ஸ்டோருக்கு விறகு இருக்கிறதா இல்லையா. வருடக்கணக்காக அதே சேதிதான். கூடவே பத்துப் பன்னிரண்டு போட்டோக்கள். மெயில் பெட்டி வீங்கிக்கொண்டே போனது. நான் சோம்பேறி. அவர் மெயில்கள் எல்லாம் என் கண்ணில் படாமல் நேராகப் 'பழைய லோடு' என்ற ஃபோல்டருக்குப் போகும்படி செட்டிங் போட்டுவிட்டேன். அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. போனில் மட்டும் பாத்துட்டேன்ணே என்று சொல்வதை விடவில்லை. நாக்குக்கு அது பழகிப்போயிருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்பு, இதே போன்ற ஒரு ஜூலைக் காலையில் அவர் எழுதினார்: 'ஆறாம் வளைவுல மண் சரியுது. ஜீப்பை ஏத்தாதீங்க.'

நான் பார்க்கவில்லை. பாத்துட்டேன்ணே என்றேன்.

ஏழே முக்காலுக்கு ஜீப் கிளம்பியது. டிரைவர் சின்ராசு, காய் எடுக்கப் போன ஆறு பெண்கள். ஜீப் சத்தம் கேட்டதும் மலைச்சாமி அண்ணன் மறிக்க ஓடினார் என்று மேலே இருந்து பார்த்தவர்கள் சொன்னார்கள். மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் போட்டிருந்த கொங்காணி மட்டும்தான் அவருடையது என்று கிடைத்தது. எட்டுப் பேரையும் மண் கொண்டுபோய்விட்டது.

அந்த ஆறு பெண்களில் ஒருத்தி மருதாயி. என் மனைவி ரோஜாவைப் பெற்றவள்.

மறுநாள்தான் அந்த மெயிலைத் திறந்து படித்தேன். விசாரிக்க வந்தவர்களிடம் எந்தத் தகவலும் வரவில்லை என்று சொன்னேன். பழி செத்தவர் தலையில் விழுந்தது. "அந்த மனுசன் ஒரு வார்த்தை சொல்லி விட்டுருந்தா எங்கம்மா இருந்துருக்கும்" என்று ரோஜா அழுவாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என்னைப் போன்ற கோழை போடியில் இன்னொருத்தன் இருக்க மாட்டான்.

ஆபீசில் யாரும் எதையும் அடியோடு அழிக்க முடியாதபடி முதலாளி ஏற்பாடு செய்து வைத்திருந்தார். அதற்கு வித்யாவின் கம்பெனிதான் வர வேண்டும். இப்போது வந்துவிட்டாள்.

"அண்ணே, 'பழைய லோடு'ன்னு ஒண்ணு இருக்கே. அதுதான் முக்கால்வாசி இடத்தைப் புடிச்சிருக்கு."

"மூணு வருசத்துக்கு முந்தின குப்பை தாயி. மொத்தமா அழிச்சிரு."

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"முந்தினதுங்கிறீங்க. யாருண்ணே மலைச்சாமி? இன்னிக்குக் காலைல ஏழு மணிக்குக்கூட அனுப்பியிருக்காரே."

நான் எழுந்து அவள் பின்னால் போய் நின்றேன்.

நாளுக்கு ஒன்று. நான் அந்த மெயிலைப் படித்ததற்கு மறுநாள் தொடங்கி ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஆயிரத்துச் சொச்சம் மெயில்கள், எதுவும் திறக்கப்படவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு.

'பாத்துட்டியா தம்பி?'

வித்யா நடுவில் ஒன்றைத் திறந்தாள். உள்ளே எழுத்து இல்லை, ஒரு போட்டோ மட்டும். ஆளில்லாத ஜீப் ரோடு. ஈரம். வளைவு. அடுத்ததிலும் அதே வளைவு. அதற்கடுத்ததிலும்.

எங்கிருந்தோ நனைந்த சாக்கு வாடை வந்தது.

"யாரோ அவரு பாஸ்வேர்டை வச்சு வெளாடுறாங்க," என்றேன். என் குரல் எனக்கே வேறு ஆள் குரலாகக் கேட்டது. "எல்லாத்தையும் அழி."

"இன்னிக்கு வந்ததை மட்டும் பாத்துரலாமாண்ணே? இதுல எழுத்து இருக்கு போல."

"திறக்காத. அழின்னா அழி."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அழுத்தினாள். ஃபோல்டர் காலியானது. மூன்று வருடமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது போலத்தான் இருந்தது. நான் மூச்சு விட்டேன்.

அப்போது போன் அடித்தது.

மேசையில் பில்கள் பறக்காமல் இருக்க வைத்திருந்த பழைய கறுப்பு போன். அந்த லைனை ஒப்படைத்து இரண்டு வருடமாகிறது. அறுந்த வயர் மேசை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

அது அடித்துக்கொண்டே இருந்தது.

எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. முதலில் மழைச் சத்தம் கேட்டது. பிறகு, ஓடி வந்தவர் போல ஒரு மூச்சு.

"பாத்துட்டியா தம்பி?"

என் நாக்கு என்னைக் கேட்கவில்லை.

"பாத்துட்டேன்ணே."

லைன் செத்தது.

வித்யா நாற்காலியை விட்டு எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் கண் அந்த அறுந்த வயர் மேலேயே இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்குச் சொன்னதையே இன்றைக்கும் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் போலவே பார்க்காமல் சொல்லியிருக்கிறேன்.

ரோஜா மலைமேல் இருக்கும் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மலையடிவாரத்துக் குரங்கணிக்கு மேலே பஸ் போகாது. தினமும் எங்கள் எஸ்டேட் ஜீப்பில்தான் போய் வருவாள். இன்றைக்கும் ஏழே முக்காலுக்கு ஏறிப் போயிருந்தாள்.

"அந்த மெயிலைத் திரும்பக் கொண்டா. வெரசா."

"பேக்கப்புல இருந்து எடுக்கணும்ணே. பத்து நிமிசம் ஆகும்."

ரோஜாவின் செல்லுக்குப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தாள். குரங்கணியில் டீக்கடை வைத்திருக்கும் மூக்கம்மாளுக்குப் போட்டேன்.

"ஜீப்பு அப்பவே ஏறிருச்சேப்பா. ஏன், என்ன?"

திரையில் பச்சைக் கோடு அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. கடைசியில் மெயில் வந்தது. காலை ஏழு மணி இரண்டு நிமிடத்துக்கு அனுப்பியது.

'ஆறாம் வளைவுல மண் சரியுது. உன் வீட்டுக்காரி வர்ற ஜீப்பை ஏத்தாதே தம்பி.'

பைக்கில் குரங்கணி போய்ச் சேர்ந்தது எப்படி என்று எனக்கு நினைவில்லை. ஊர் முனையில் கூட்டம் நின்றது. ஆறாம் வளைவு மொத்தமாகப் போய்விட்டது, ஜீப்பைக் காணோம் என்றார்கள். மேலே போக ஒருவரையும் விடவில்லை. மழையில் நின்றேன். வாய்விட்டு அழுதேன்.

பதினோரு மணிக்குக் காப்பித் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் அவர்கள் வரிசையாக இறங்கி வந்தார்கள். டிரைவரும் நாலைந்து பெண்களும் முன்னால் வந்தார்கள். கடைசியாக ரோஜா.

ஓடிப் போய் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் அசையாமல் நின்றாள். அவள் மேல் நனைந்த சாக்கு வாடை அடித்தது.

"ஒருத்தர் நடுரோட்டுல நின்னு மறிச்சாரு," என்றாள் மெதுவாக. "கொங்காணி போட்டிருந்தாரு. எங்களை இறக்கிவிட்டு, ஒவ்வொருத்தர் தலையா எண்ணுனாரு. பத்தடி பின்னால வந்திருப்போம். ரோடு போயிருச்சு, ஜீப்பும் போயிருச்சு."

"யாரு ரோஜா?"

"உங்களுக்குத் தெரியாதா?"

அவளைக் கட்டியிருந்த கையை எடுத்தேன்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாரு. அன்னிக்குப் பாத்துட்டேன்னு சொன்னீங்களாமே. என்னத்தப் பாத்தீங்கன்னு."

மழை என் வாய்க்குள் இறங்கியது.

"எங்கம்மாவும் பக்கத்துல நின்னுச்சு," என்றாள் ரோஜா. "அது ஒண்ணும் கேக்கல."

வீட்டுக்கு வந்த பிறகு அவள் அழவுமில்லை, என்னைத் திட்டவுமில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சோறு போட்டாள். ஈரச் சேலையைக் காயப்போட்டாள். விடிய விடிய விழித்தே கிடந்தாள்.

மறுநாள் காலை என் செல்லில் ஆபீஸ் மெயிலைத் திறந்தேன். 'பழைய லோடு' ஃபோல்டரில் ஆயிரத்துச் சொச்சமும் பழையபடி வந்து உட்கார்ந்திருந்தன. மேலே புதிதாக இன்னொன்று. தலைப்பு இல்லை. ஆறாம் வளைவில் எடுத்த போட்டோ. சரிந்த மண் மேல் எட்டுப் பேர் வரிசையாக நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மணி ஏழு.

எங்கள் வீட்டில் லேண்ட்லைன் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனால் மணி அடித்தது. ஆபீஸ் மேசையில் இருந்த அந்தக் கறுப்பு போன் எங்கள் கூடத்தில், அறுந்த வயரோடு, பாயின் மேல் இருந்தது.

ரோஜா எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எடுங்க," என்றாள். "நானும் கேக்கணும்."