ஆளகத்துக்கு ஒருத்தி

வாக்கு எண்ணிக்கைக்கு வந்திருந்தவர்கள்: தேர்தல் அதிகாரி லிசெத், பவளக் கட்சித் தலைவி மங்களேசுவரி, பாய்மரக் கட்சித் தலைவர் வேலாயுதன், வாக்கெண்ணி இயந்திரம். வேடிக்கை பார்க்க யாரும் வரவில்லை.

ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே இருக்கும் சாந்தொரேல் தீவில் ஜனங்கள் மலைக்குக் குடியேறிப் பல காலமாகிவிட்டது. கரும்பு வயல்களும் குடிதண்ணீர்க் கிணறுகளும் மட்டும் கீழே, கடல்மதிலின் தயவில் கிடந்தன. அதனால்தான் அந்தச் சட்டம். ஜெயிக்கும் கட்சித் தலைவர் அடுத்த தேர்தல்வரை மதிலடியில் உள்ள ஆளகத்தில் தனியாக இருந்து, காணொளித் திரைவழியே நாட்டை ஆள வேண்டும். மதில் உடைந்தால் முதலில் முழுகுவது ஆட்சி. முதல் பிரதமர் இருட்டியதும் மாமியார் வீட்டுக்கு நழுவிக்கொண்டிருந்ததால் கதவுக்கு வெளிப்பூட்டு வந்தது. பூட்டுவது தோற்றவரின் வேலை.

பத்தில் எட்டு வாக்கு பவளக் கட்சிக்கு என்றது வாக்கெண்ணி.

மங்களேசுவரிக்கு உடம்பு சிலிர்த்தது. மதில் பொறியாளராக இருந்தவள். மதிலை உயர்த்தும் திட்டத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கியவள்.

மூவரும் மலையிறங்கினார்கள்.

“மதிலுக்காக வரியக் கூட்டுவேன்னு சொல்லியே ஜெயிச்சிருக்கேன், தம்பி.”

வேலாயுதன் சிரித்துவிட்டார். “வரியா? அட போங்கக்கா. ‘உனக்கு மூணு பிள்ளைங்க, உன்னை அங்க அனுப்ப மனசு வரல, அந்தம்மாவுக்குத்தான் யாருமில்லையே’ன்னாங்க. எங்கம்மாவே உங்களுக்குத்தான் போட்டாங்க.”

அவள் நின்றாள். மாடிகளிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு பெண் ஓடிவந்து மிளகாய் வடைப் பொட்டலத்தைக் கையில் திணித்தாள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவளுக்குக் கொடுப்பதுபோல.

“திட்டத்தை யாராவது படிச்சாங்களா?”

“நான் படிச்சேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா வரிக்குத் தனியா வாக்கெடுக்கணுமே, போடுவாங்களா? கீழ இருக்கப்போறது நீங்க மட்டும்தானே.”

“கிணறெல்லாம் உப்பாயிட்டா உங்க மூணு பிள்ளைங்களும் எதைக் குடிப்பாங்க?”

“அது அடுத்த தேர்தலுக்கு.”

ஆளகத்தின் வாசலில் லிசெத் முறைப்படி கேட்டாள். “விலகுறீங்களா, மாதாம்? விலகினா இவர் உள்ள போவார்.”

வேலாயுதனின் சிரிப்பு சட்டென்று நின்றது. மங்களேசுவரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மதிலின் எந்தக் கல் ஆடுகிறது என்றுகூட இந்த ஆளுக்குத் தெரியாது.

“ஒரு கொத்துக்கரண்டியும் பத்து மூட்டை சிமென்டும் உள்ள வேணும்” என்றாள். “ஆள் அனுப்பலேன்னா நானே பூசிக்கிறேன்.”

“அனுப்புறேன்” என்றாள் லிசெத்.

மங்களேசுவரி உள்ளே போனாள். வேலாயுதன் கதவைச் சாத்திப் பூட்டினார். சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.